குணமாகாத நோயும் விசுவாசமும்

1931 செப்டம்பரில், களக்காட்டில் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போன மிஷனரி ஏமி கார்மைக்கேல், பொழுது சாய்ந்த நேரத்தில் அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்துவிட்டார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. டோனாவூரில் ஏராளமான பிள்ளைகளுக்கு ‘அம்மா’வாக இருந்து ஓடியாடியவருக்கு அப்போது வயது 63. கொஞ்ச நாளில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1951 ஜனவரியில் இறக்கும்வரை அவர் வாழ்க்கை பெரும்பாலும் ஒரே அறைக்குள் கழிந்தது.

நோயாளிகளைத் தேற்றுவதற்கென்றே எழுதப்பட்ட நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் படுக்கையில் இருந்தபடி படித்தபோது அவருக்கு ஒரு குறை தட்டுப்பட்டது. பெரும்பாலானவை உடல்நலத்தோடு இருப்பவர்கள் எழுதியவை. வலி தீராத ஒருவர், வலி தீராத இன்னொருவருக்கு எழுதினால் எப்படியிருக்கும் என்று யோசித்து அவர் எழுதிய கடிதங்களே 1933-இல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற நூலாக வந்தன.

நோயையும் கஷ்டத்தையும் விசுவாசத்தின் பலத்தால் தாங்குவதைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதியும் பிரசங்கித்தும் வருகிறார்கள். கார்மைக்கேலின் கேள்வியை அவற்றின்முன் வைத்தால் பல பக்கங்கள் உதிர்ந்துவிடும். மிஞ்சுவதை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இது: துன்பத்துக்குச் சொல்லப்படும் காரணங்களால் யாரும் தேறுவதில்லை. ‘கட்டாயம் குணமாகும்’ என்ற உறுதிமொழியாலும் நெடுநாள் ஓட முடிவதில்லை. கடவுளிடம் வாய்விட்டு அழ உரிமையும், அழும்போது எழுந்து போகாத மனிதர்களும் கிடைத்தவர்களே தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

வேதாகமம் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை. நல்லவன் வாழ்வான், கெட்டவன் கெடுவான் என்ற தொனி நீதிமொழிகளில் நிறைய உண்டு. அதை எதிர்த்து நிற்கிறது யோபின் புத்தகம். பிள்ளைகளையும் ஆஸ்தியையும் ஒருசேர இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அந்த ஏழு நாள்தான். அதன்பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்பதையே சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். கடவுள் சூறைக்காற்றிலிருந்து பேசும்போது யோபையும் கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணறடிக்கிறார், உண்மைதான். ஆனாலும் நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் கோபம் கொள்வது நண்பர்கள்மேல். கடவுளின் கட்சியில் நின்று வாதாடியவர்கள் குற்றவாளிகளாகிறார்கள். கடவுளிடமே வழக்காடியவன் சரியாகப் பேசினவன் என்று பெயர் வாங்குகிறான்.

சங்கீதங்கள் இன்னும் வெளிப்படை. 150 சங்கீதங்களில் மிகப் பெரிய பங்கு முறையீடு. எலும்பு காய்கிறது, படுக்கை கண்ணீரில் நனைகிறது, சிநேகிதர்கள் விலகிப் போகிறார்கள், நீர் ஏன் தூங்குகிறீர் என்றெல்லாம் கேட்கிற பாட்டுகள். பெரும்பாலானவை கடைசியில் எப்படியோ துதிக்குத் திரும்பிவிடும். 88-ஆம் சங்கீதம் மட்டும் திரும்புவதே இல்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் தூக்கி எறியாமல் வேதத்துக்குள் வைத்தவர்களின் துணிச்சலை நினைத்து நான் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

நம் சபைகளில் இந்தச் சங்கீதங்களுக்கு இடம் குறைவு. புத்தாண்டு ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் குவிந்திருக்கும் சின்னச் சின்ன அட்டைகளில் ஜெபித்து ஒன்றை எடுத்தால் அந்த ஆண்டுக்கான வசனம் வரும். ஆசீர்வாதம், பாதுகாப்பு, பெருக்கம் பற்றிய வசனங்கள். வீட்டுக்குப் போய்க் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பார்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மார்ச்சில் புற்றுநோய் என்று தெரிந்துகொண்ட ஒரு தாய் அந்த அட்டையை நிமிர்ந்து பார்க்கும்போது அவளுக்கு வேண்டிய வார்த்தை அதில் இருக்காது. முறையீட்டுச் சங்கீதம் எந்த அட்டையிலும் வருவதில்லை.

புதிய ஏற்பாட்டில் இரண்டு இடங்கள் இந்த ஆராய்ச்சிக்கு முக்கியம். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம். இருவருமில்லை என்கிறார் இயேசு. இரண்டாவது, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தன் உடலில் தைத்திருக்கும் முள்ளைப் பற்றிச் சொல்வது. அது என்ன நோய் என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடில்லை. கண் நோய் என்றும் வலிப்பு என்றும் ஊகங்கள் உண்டு. மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை என்பதை அவரே எழுதுகிறார். பிறரைக் குணமாக்கிய அப்போஸ்தலருக்கே இப்படி என்பதை மறந்துவிட்டுத்தான் ‘விசுவாசம் குறைவு’ என்ற பேச்சு நம்மிடையே நடமாடுகிறது.

ஆதித் திருச்சபை நோயை விளக்கியதைவிட நோயாளியைக் கவனித்ததில்தான் பேர் வாங்கியது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுஸ் எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. நோயாளிகளை விட்டு ஓடாமல் பணிவிடை செய்து, தொற்றி, அவர்களோடு செத்துப்போன விசுவாசிகளைப் பற்றி அதில் எழுதுகிறார். அடுத்த நூற்றாண்டில் செசரியாவில் ஆயர் பசிலியார் ஊருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஓர் இல்லத்தொகுதியே கட்டினார். மருத்துவமனை வரலாறு எழுதுகிறவர்கள் பலர் இன்றும் அதிலிருந்து தொடங்குகிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் நோயாளிக்கு எண்ணெய் பூசும் திருவருட்சாதனம் நெடுங்காலம் சாகப்போகிற நேரத்துக்கு உரியதாகச் சுருங்கியிருந்தது. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வருகிறார் என்றாலே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட புதிய ஒழுங்கு, கடும் நோய் கண்ட எவரும் பிழைக்கும் நம்பிக்கையோடே அதைப் பெறலாம் என்று ஆக்கியது. 1993 முதல் பிப்ரவரி 11 உலக நோயாளர் தினம். அதை ஏற்படுத்திய இரண்டாம் யோவான் பவுல், கை நடுங்கவும் வாய் குழறவும் தொடங்கிய பின்னும் பார்க்கின்சன் நோயை உலகத்தின் கண்ணுக்கு மறைக்கவில்லை. துன்பத்தைப் பற்றி அவர் 1984-இல் எழுதிய திருத்தூது மடலைவிட அந்த நடுக்கம் அதிகம் போதித்தது என்பது என் எண்ணம்.

குணமளிக்கும் கூட்டங்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை நகர்த்த முடியாது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வெள்ளியில் கண்ணும் காலும் செய்து காணிக்கை போடுகிறார்கள். மைதானக் கூட்டங்களில் நள்ளிரவுவரை சாட்சி சொல்கிறார்கள். அங்கே போகிறவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் அது உண்மையல்ல. சுவிசேஷங்களிலேயே குணமாக்கல் நிகழ்ச்சிகள் நிறைய உண்டு. அரசு ஆஸ்பத்திரி வரிசையில் பெயர்கூடக் கேட்கப்படாமல் நின்ற ஒரு பெண்ணின் தலையில் கை வைத்து, அவள் பெயரைச் சொல்லி ஒருவர் ஜெபிக்கிறார் என்றால் அதன் மதிப்பை வெளியிலிருந்து எடைபோட முடியாது.

சிக்கல் அடுத்த நாள் தொடங்குகிறது. குணமாகாதவர் மேடைக்கு வருவதில்லை. அவருக்குச் சாட்சி கிடையாது. ‘முழு விசுவாசத்தோடு ஜெபிச்சீங்களா?’ ‘வீட்டில் ஏதாவது சாபம் இருக்கா?’ என்று கேட்பார்கள். எலிப்பாஸும் பில்தாத்தும் கேட்டது இதையேதான். மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று யாராவது சொல்லிவிட்டால் ஆபத்து உயிர்வரை போகும். இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் முதல்வகைச் சர்க்கரை நோயாளி மயங்கி விழுவார். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் அடுத்தமுறை அந்த மருந்துக்கே கிருமி மசியாமல் போகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டவருக்கு வலிப்பு அடங்காமல் தொடரக்கூடும். இப்படி ஆலோசனை சொல்கிற ஊழியர் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் சபை அவரைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

இத்தகைய போதனையை நெருங்கி ஆராய்ந்தவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துச் சபை வரலாற்றாசிரியர் கேட் பௌலர். விசுவாசித்தால் செல்வமும் சுகமும் நிச்சயம் என்று போதிக்கும் செழிப்பு உபதேசத்தின் வரலாற்றை 2013-இல் நூலாக எழுதினார். 2015-இல், 35 வயதில், அவருக்கே நான்காம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரியவந்தது. ‘எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கிறது’ என்ற தேற்றுமொழியையே பொய் என்று தலைப்பில் சொல்லி 2018-இல் எழுதிய நூலில், தன்னைத் தேற்ற வந்தவர்கள் சொன்னவற்றையும் அவை தன்னை எப்படிக் கீறின என்பதையும் பதிந்திருக்கிறார். அவர் விசுவாசத்தை விடவில்லை. காரணம் தேடும் வேலையை விட்டார்.

நோயில் விசுவாசம் என்ன செய்கிறது என்பதை ஆய்வாளர்கள் அளந்து பார்க்க முயன்றிருக்கிறார்கள். பிறருக்காகச் செய்யும் ஜெபத்தின் பலனை அளக்க நடந்த மிகப் பெரிய சோதனை 2006-இல் வெளியானது. ஆறு அமெரிக்க மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர் அதில் இருந்தார்கள். ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் ஏதாவது சிக்கல் வந்தது. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம். முன்பின் தெரியாதவர்கள் ஒரு பெயரை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நாட்களுக்கு ஜெபித்ததை எடைபோட்டு, ஜெபத்தையே அளந்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. அதே நேரம், ஜெபத்துக்கு ஆய்வுச் சான்று இருக்கிறது என்று துண்டுப் பிரசுரம் அடிக்கிறவர்கள் இந்த முடிவை விட்டுவிட்டு அடிப்பதும் நியாயமில்லை.

எனக்கு அதைவிடப் பொருளுள்ளதாகத் தெரிவது கென்னத் பார்கமென்ட்டும் அவருடைய சகாக்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு. மருத்துவமனையில் இருந்த, 55 வயதோ அதற்கு மேலோ ஆன 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். விசுவாசம் உண்டா என்று மட்டும் கேட்காமல், அது எப்படிப்பட்டது என்று கேட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டார், அவருக்கு என்மேல் அன்பில்லை, இது பிசாசின் வேலை என்று மனம் போராடியவர்கள், வயதும் நோயின் கடுமையும் கணக்கில் எடுக்கப்பட்ட பிறகும், மற்றவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். சாவின் அபாயம் 19 முதல் 28 சதவீதம்வரை கூடுதல். ‘உன் விசுவாசம் போதாது’ என்று படுக்கையருகே நின்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எந்தப் போராட்டத்தைத் தூண்டிவிட்டுப் போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

சபையாக இருப்பதன் பலனுக்கும் சான்று உண்டு. அமெரிக்கச் செவிலியர் 74,534 பேரை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறைக்கும் மேல் ஆராதனைக்குப் போன பெண்களிடையே இறப்பு, போகவே போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நடமாட முடிகிறவர்கள்தான் கோயிலுக்குப் போவார்கள் என்ற ஐயத்தையும் ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் இது உற்றுநோக்கல் ஆய்வு, காரணத்தை நிரூபிப்பதில்லை. மனச்சோர்வும் புகைப்பழக்கமும் குறைவாக இருந்ததும், ஒருவருக்கொருவர் துணையாக இருந்ததும் அதில் ஒரு பங்கை விளக்குகின்றன.

நெருடலான ஒரு முடிவும் உண்டு. முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், விசுவாசத்தை அதிகம் பற்றிக்கொண்டவர்களில் 11.3 சதவீதத்தினர் கடைசி வாரத்தில் வென்டிலேட்டரில் இருந்தார்கள். குறைவாகப் பற்றியவர்களில் 3.6 சதவீதத்தினர்தான். அற்புதம் நடக்க இடம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஒருவேளை குழாய்களின் நடுவே சாவதில் முடிந்திருக்கலாம். அதே குழுவின் மற்ற ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: மருத்துவக் குழுவே நோயாளியின் ஆன்மிகக் கேள்விகளைக் காதுகொடுத்துக் கேட்ட இடங்களில், இறுதிநாட்களின் நோவுதணிப்புச் சிகிச்சையை அதிகம் பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் முகம் வைத்துப் பார்க்க வேலூருக்குப் போவோம். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையைத் தொடங்கியவர். விரல்கள் தொழுநோயால் தானாக அழுகி விழுவதில்லை; வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் புண்ணாகி அழிகின்றன என்று கண்டார். வலி ஒரு கொடை என்று பின்னாளில் அவர் எழுதியது அந்த அனுபவத்திலிருந்து. ஆழ்ந்த விசுவாசி அவர். ஆனால் நோயாளியிடம் வலியின் மகிமையைப் பிரசங்கித்துக்கொண்டிருக்கவில்லை, கையைச் சரிசெய்துகொடுத்தார்.

அவருடைய மாணவர் வட்டத்தில் இருந்தவர் கொச்சியைச் சேர்ந்த மேரி வர்கீஸ். மகப்பேறு மருத்துவத்தில் தேறிக்கொண்டிருந்த இளம் மருத்துவர். 1954-இல் நடந்த சாலை விபத்தில் முகம் கிழிந்தது, முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனது. கால் வரவேண்டும் என்ற ஜெபங்கள் நடந்தன, கால் வரவில்லை. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடி செய்யலாமே என்ற யோசனை பிராண்டுடையது. உடம்பின் மேற்பாதியைத் தாங்கிப்பிடிக்கும் வலுகூட முதலில் இல்லாதவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளை அறுத்துச் சீராக்கத் தொடங்கினார். அறுவை மேசையில் கை நீட்டிப் படுத்திருந்தவர்களை ஊரும் உறவும் ஒதுக்கியிருந்தன. தங்கள் கையைப் பிடித்திருக்கும் டாக்டருக்குக் கால் நடக்காது என்பதை அவர்கள் பார்த்தபடியே படுத்திருந்தார்கள். பிறகு மேரி நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை 1960-களில் நிலைநிறுத்தினார். முதுகெலும்பு முறிந்தவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் வேலூரை அடுத்த பாகாயத்தில் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

இந்த வரலாற்றைச் சபைகளில் சொல்லும்போது ‘விபத்தை ஆண்டவர் நன்மையாக மாற்றினார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் கழிந்த ஆண்டுகளும், படுக்கைப் புண்களும், யாரோ தூக்கினால்தான் உட்கார முடியும் என்ற நாட்களும், தூக்கிவிட்ட அந்தக் கைகளும் அந்த வரியில் காணாமற்போகின்றன. ஒரு மருத்துவமனையும் அதன் நண்பர் கூட்டமும் விடாமல் உடனிருந்ததால்தான் அவருடைய விசுவாசத்துக்குக் கால் ஊன்ற ஓர் இடம் கிடைத்தது.

பொறுமையைப் பற்றிய பிரசங்கம் ஏழைகளை வாயடைக்கவும் பயன்பட்டிருக்கிறது. சிலுவையைச் சும என்று சொல்லும்முன் அந்தச் சிலுவையை யார் தூக்கி வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். பெருவின் இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரெஸ், பதின்வயதில் எலும்பு அழற்சியால் வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். லீமாவின் ஏழைகளோடு வாழ்ந்து, 1986-இல் யோபைப் பற்றி எழுதினார். குற்றமற்றவர்களின் துன்பத்தின் நடுவில் கடவுளைப் பற்றி எந்த மொழியில் பேசுவது என்பதே அந்த நூலின் கேள்வி. தமிழகத்தின் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தையே சாதிச் சுவர் பிரிக்கிறது. அந்தச் சுவரின் நிழலில் நின்று பொறுமையைப் போதிக்க எந்தப் போதகருக்கும் உரிமையில்லை. தாங்க வேண்டியது வேறு, தகர்க்க வேண்டியது வேறு.

விசுவாசமே வறண்டுபோகிற காலமும் உண்டு. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது, அவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலேயே ஜெபித்தும் உழைத்தும் வந்தார் என்பது தெரிந்தது. காசநோயால் 1897-இல், 24 வயதில் இறந்த லிசியே நகரின் தெரேசாவும் கடைசி மாதங்களில் அந்த இருளைக் கடந்தவர். மனச்சோர்வு நோயில் இருக்கும் விசுவாசியிடம் ‘கர்த்தருக்குள் மகிழ்ந்திருங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இவர்களையாவது நினைத்துப் பார்க்கலாம். மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசமல்ல.

லண்டனில் 1967-இல், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்காக செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். தன் பணியை அழைப்பாகவே எண்ணிய ஆங்கிலிக்கன் விசுவாசி. வலி திரும்பி வரும்வரை காத்திராமல் நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்றார். உடல்வலியோடு மனவலியும் குடும்பக் கவலையும் ஆன்மாவின் கேள்வியும் சேர்ந்ததே சாகிறவரின் முழு வலி என்றார். ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று விலக்காமல் ஒரே வார்டில் நடந்தன.

இவ்வளவு இலக்கியத்திலும் மிகக் குறைவாகப் பேசப்படுகிறவர் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர். பக்கவாதத்தால் படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும். அதைச் செய்கிறவர் பெரும்பாலும் மனைவி, அல்லது மகள், அல்லது மருமகள். ஜெபக்குறிப்பில் நோயாளியின் பெயர் வரும், அவர் பெயர் வராது. அவர் கோயிலுக்கு வந்து பல மாதமாகியிருக்கும். ‘ஆராதனைக்குத் தவறாம வாங்க’ என்று வேறு சொல்லிவிட்டு வருவோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைப் பெண்கள் இருவர் அந்த வீட்டுக்குப் போய், ஆண் நோயாளியென்றால் வாலிபர் சங்கத்துப் பையன்கள் இருவர் போய், மூன்று மணி நேரம் நோயாளியைப் பார்த்துக்கொண்டால் அந்த அம்மா தூங்கலாம். புரட்டுவது எப்படி, முதுகில் புண் வராமல் பார்ப்பது எப்படி என்பதைச் சபையிலேயே இருக்கும் ஒரு நர்ஸ் ஒரு சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.